கூலி வாங்காத மேடை

தமிழ்நாட்டில் தொழில்முறை சாராத நாடகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1891-இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டு ஜூலையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபாவை ஆரம்பித்தார்கள். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் பகலில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தார்கள். நாடகக்காரன் என்றால் மதிக்காத காலத்தில் மேடைக்கு ஒரு மரியாதையைத் தேடித் தந்தார்கள். பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த வரலாற்றை எங்கே படித்தாலும் எனக்கு ஓர் ஆதங்கம் வரும். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், ஊர்க்காரர் ஒருவரே எழுதி, ஊர்க்காரர்களே பாடி, ஆடி, நடித்து, யாரிடமும் சம்பளம் வாங்காமல் நாடகம் போட்டிருக்கிறார்கள். அந்த நாடகம் இன்றும் நடக்கிறது. முதல் அத்தியாயத்தில் அதற்கு ஒரு பத்தியாவது வேண்டாமா?

மெலட்டூர் பாகவத மேளத்தைத்தான் சொல்கிறேன், கோயில் விழாவில் தெலுங்கில் பாடி ஆடி நடிக்கும் இசை நாடகம். நான் அந்த அக்ரகாரத்தில் பிறந்தவன் அல்ல. மேடையில் ஒலிக்கும் தெலுங்கும் எனக்குப் பிடிபடாது. நாடகம் நடக்கிறது என்றால் எங்கேயும் போய் உட்கார்ந்துவிடுகிற பார்வையாளன், அவ்வளவுதான். இருந்தும் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. இதைப் பற்றி வருகிற கட்டுரைகள் ராகம், அடவு, முகமூடி என்று கலையின் இலக்கணத்தைப் பேசுகின்றன; இல்லாவிட்டால் பக்தியைப் பேசுகின்றன. எனக்குப் பெரிய அதிசயமாகத் தோன்றுவது வேறு. அரசர் போனார், மானியம் போயிற்று, நிலம் போயிற்று, குடும்பங்களில் பல வெளியூர் போயின. வருமானம் என்று ஒன்றுமே இல்லாத ஒரு நாடகக் குழு இத்தனைக்கும் பிறகு எப்படி ஆண்டுதோறும் திரையைப் பிடிக்கிறது?

கதை விஜயநகரத்தின் வீழ்ச்சியோடு தொடங்குகிறது. 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு தெலுங்கு தேசத்திலிருந்து புலவர்களும் பாகவதர்களும் தெற்கே வந்தார்கள். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் அவர்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்தி, ஒவ்வொன்றுக்கும் வீடும் கிணறும் நிலமும் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் பெயரால் அச்சுதபுரம் என்று வழங்கிய அந்த ஊர்தான் இன்றைய மெலட்டூர். இன்னொரு பழைய பெயர் உன்னதபுரம். ஊர்ப் பெருமாள் வரதராஜர் என்பதால் பழைய பாடல்களில் 'அச்சுத வரத' என்ற முத்திரை, அதாவது இயற்றியவரின் அடையாளச் சொல், வரும். ராமசுவாமி தீட்சிதருக்கு, அதாவது முத்துசுவாமி தீட்சிதரின் தந்தைக்கு, இசை சொல்லிக்கொடுத்த வீரபத்ரய்யா இந்த ஊர்க்காரர். நாட்டியத்துக்குச் சப்தம் என்னும் பாடல்களை இயற்றிய காசிநாதய்யாவையும் இந்த ஊரோடு சேர்த்தே சொல்வார்கள். ஒரு தெருவும் ஒரு கோயிலும் ஒரு குளமுமாக இருக்கும் கிராமத்துக்கு இது கொஞ்ச நஞ்சப் பெருமை அல்ல.

தஞ்சைப் பகுதியின் வரகூரில் வாழ்ந்த நாராயண தீர்த்தர், 'கிருஷ்ண லீலா தரங்கிணி' பாடியவர், இந்த நாடக மரபுக்கு வித்திட்டவர் என்று சொல்வது வழக்கம். அதை மேடையாக வளர்த்து நிலைக்க வைத்தவர் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி. தியாகராஜர் காலத்தவர், வயதில் அவருக்கு மூத்தவர். பத்துக்கும் மேற்பட்ட நாடகங்களைத் தெலுங்கில் எழுதினார். பிரகலாத சரித்திரம், மார்க்கண்டேய சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம், ஹரிச்சந்திரா, துருவ சரித்திரம், சீதா கல்யாணம், ருக்மிணி கல்யாணம், கம்ச வதை என்று பட்டியல் நீளும். தியாகராஜரே 'பிரகலாத பக்தி விஜயம்', 'நௌகா சரித்திரம்' என்று இசை நாடகங்கள் எழுதியிருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால், அன்றைய தஞ்சைக் காற்றிலேயே இந்த வடிவம் கலந்திருந்தது புரியும்.

சாஸ்திரி செய்த காரியத்தில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. அவர் எழுதியது கைதேர்ந்த நடிகர் ஒருவரை நம்பி எழுதிய நாடகம் அல்ல. ஓர் ஊரை நம்பி எழுதிய நாடகம். எட்டு வயதுப் பையனுக்கு ஒரு வேடம் இருக்கிறது, எழுபது வயதுக் கிழவருக்கு ஒரு வேலை இருக்கிறது. சிறுவனாகக் கணபதி முகமூடி போட்டுக்கொள்பவன் கொஞ்சம் வளர்ந்து பிரகலாதனாகவோ மார்க்கண்டேயனாகவோ லோகிதாசனாகவோ வருகிறான். முகத்தில் மென்மை இருக்கிற வயதில் தோழியாகவும் உஷையாகவும் சந்திரமதியாகவும் ஆடுகிறான். உடம்பு தடித்துக் குரல் கனத்த பிறகு அரசனாகவோ அசுரனாகவோ வருகிறான். கால் தளர்ந்தால் பின்பாட்டுக்கும் தாளத்துக்கும் போய் உட்கார்ந்துகொள்கிறான். ஒருவன் ஆயுள் முழுவதுக்கும் அந்த மேடையில் இடம் உண்டு. ஓய்வு கொடுத்து அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. சம்பளம் கொடுக்கும் குழுவில் இப்படி ஒரு ஏற்பாடு நடக்குமா என்பது சந்தேகம்.

வைகாசியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், நரசிம்ம ஜயந்தி வரும். அன்றைய இரவு வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே தெருவில் பந்தல் போட்டுப் பிரகலாத சரித்திரம். அடுத்தடுத்த இரவுகளில் மற்ற நாடகங்கள். ஹரிச்சந்திராவுக்கு ஓர் இரவு போதாது, இரண்டு இரவுகள் வேண்டும். நடிப்பவர்கள் எல்லோரும் ஆண்கள்தான், பெண் வேடம் உட்பட. சுவாமி எதிரே இருந்து பார்க்கிறார் என்பது ஏற்பாடு. நாடகம் அவருக்குச் செய்யும் கைங்கரியம், நாமெல்லாம் கூட இருந்து பார்க்கிறோம். அதனால்தான் டிக்கெட் கிடையாது. கூட்டம் இல்லை என்று நாடகத்தை நிறுத்துவதும் கிடையாது.

வேடம் போடும் வீட்டின் வாசலில் நான் நின்ற ஓர் இரவைச் சொல்ல வேண்டும். கூடத்தில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள், மீசையை எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். முகத்தில் அரிதாரம் பூசி, மை தீட்டி, நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் வைத்த ஒருவர், தமிழ் எழுத்தில் எழுதிய தெலுங்கு வசனத்தை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே அரசி, கீழே இன்னும் எட்டு முழ வேட்டி. "மாமா, ஜடையைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கள், போன வருஷம் பாதியில் நழுவிவிட்டது" என்றார். கட்டிவிட்ட பெரியவர் அந்த ஊரில் பல ஆண்டுகள் அதே வேடத்தைப் போட்டவராம். முடிச்சை இறுக்கிக்கொண்டே, "பேசாமல் இருடா. விடியும்வரை குரல் வேண்டும்" என்று அதட்டினார். அதட்டலுக்கு நடுவே அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. அரசியின் வசனத்தை அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கோணங்கி வருவான். உயரக் குல்லாயோடு குதித்து ஆடி, சபையைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் போவான். பிறகு தோடய மங்களம் என்னும் தொடக்க வாழ்த்துப் பாட்டு. அதன்பின் கணபதி. யானை முகமூடி அணிந்து வருவது ஒரு சிறுவன். பிள்ளையை அந்த வேடம் போட வைப்பதாக வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. நான் பார்த்தபோது முகமூடி பையனின் தலைக்குப் பெரியதாக இருந்தது. கண் துளை எங்கே இருந்ததோ, அவன் எங்கே பார்த்தானோ தெரியாது. ஒரு பெரியவர் அவன் தோளில் கை வைத்து முன்னும் பின்னும் திருப்பிவிட்டார். அவன் காலோ ஜதியை விட்டு ஒரு கணமும் விலகவில்லை. கீழே முதல் வரிசையில் அவனுடைய பாட்டியாகத்தான் இருக்க வேண்டும், ஒரு அம்மாள் கைகளைக் கூப்பியபடி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். தன் பேரனுக்காகவா, கணபதிக்காகவா என்று கேட்டால் அவருக்கே பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு கட்டியக்காரன் வந்து அரசன் வருகையை அறிவிப்பான். ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று அமைந்த பிரவேச தருவோடு, அதாவது நுழைவுப் பாட்டோடு, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளிப்படும். முக்கால் மணி நேரம்கூட ஆகும் ஓர் அரசன் முழுமையாக வந்து சேர. அவசரக்காரர்கள் இங்கேதான் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கோ அந்தத் தாமதம்தான் ருசி. ராகங்கள் நிதானமாக விரியும். கர்நாடக இசையின் பழைய நடையை அதன் பழைய வேகத்திலேயே கேட்கலாம். கச்சேரி மேடையில் இதற்கெல்லாம் நேரம் கொடுப்பாரில்லை. நடிகர்கள் ஆடுவதோடு நிற்பதில்லை, பாடவும் வசனம் பேசவும் வேண்டும். பயிற்சி பெற்ற பாடகரும் இருப்பார், சுமாராகப் பாடுகிறவரும் இருப்பார். இந்த ஏற்றத்தாழ்வைக் குறையாகச் சொல்லும் விமர்சகர்களை நான் அறிவேன். எனக்கு அது உறுத்தவில்லை. ஊரே சேர்ந்து போடும் நாடகத்தில் ஊரின் எல்லாக் குரல்களும்தானே கேட்கும்?

பிரகலாத சரித்திரத்தில் எல்லோரும் காத்திருப்பது தூண் பிளக்கும் கட்டத்துக்காக என்று நினைப்போம். என் மனதில் நிற்பது லீலாவதிதான். புராணத்தில் இரணியன் மனைவி கயாது. இந்த நாடகத்தில் அவள் பெயர் லீலாவதி. கணவனின் ஆணைக்கும் மகனின் உயிருக்கும் நடுவே அகப்பட்டுத் தவிக்கும் தாய். மெலட்டூர்க் குழுவை நெடுங்காலம் நடத்திய எஸ். நடராஜன் இத்தகைய பெண் வேடங்களில் பேர் பெற்றவர். ஓர் ஆண் பெண்ணாக நடிக்கிறார் என்ற எண்ணம் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். தெலுங்கு தெரியாத எனக்கே தொண்டை அடைத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெற்ற வயிறு என்ன பாடு படுகிறது பாருங்கள்" என்றார். கதை என்னவென்று அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

விடியும் நேரத்தில் நரசிம்மர் வருகிறார். அந்த முகமூடி வேடப் பொருள் மட்டும் அல்ல, பூஜையில் இருக்கும் மூர்த்தி. அதை அணிபவர் அன்று முழுவதும் விரதம் இருக்கிறார். முகமூடி முகத்தில் ஏறியதும் அவருக்கு ஆவேசம் வந்துவிடும். நாலைந்து பேர் சேர்ந்து பிடித்துக்கொள்வார்கள். இரணியனும் நரசிம்மரும் எதிரெதிரே நின்று வாதம் செய்யும்போது உண்மையிலேயே பயமாக இருக்கும். வதத்தை மேடையில் காட்டுவதில்லை. பொழுது புலர்ந்ததும் நரசிம்மர் வீதியில் எழுந்தருள்வார், வீட்டுக்கு வீடு கற்பூர ஆரத்தி காட்டுவார்கள். இரவெல்லாம் இரணியனாக நின்றவர் சற்று நேரத்தில் முகம் கழுவிவிட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

இப்படியே இடைவிடாமல் இருநூறு ஆண்டுகளாக நடந்து வந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1855-இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுக்கு வந்தது. ஆதரித்த கை அதோடு இல்லாமல் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெலட்டூர் மேடை தளர்ந்து, நின்றும் போனது. அதைத் தூக்கி நிறுத்தியவர் நடேச ஐயர். பரதம் நடேச ஐயர் என்றே அவருக்குப் பெயர். அபிநயத்தில் தேர்ந்தவர், பெண் வேடத்தில் கீர்த்தி பெற்றவர். சிதறிக் கிடந்த பாடங்களைத் திரட்டி, ஆட்களைச் சேர்த்து, மறுபடி ஒத்திகை தொடங்கினார்.

இந்த நடேச ஐயரை நாடக உலகம் கொண்டாட இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னையில் இ. கிருஷ்ண ஐயர் என்ற வக்கீல், சுகுண விலாச சபாவில் பெண் வேடம் போட்டுக்கொண்டிருந்தார். நாட்டியம் தெரிந்த பாத்திரம் ஒன்றை ஏற்க நேர்ந்தபோது சதிர் ஆட்டத்தின் மேல், இன்று நாம் பரதநாட்டியம் என்று சொல்வதன் மேல், அவருக்கு ஈடுபாடு வந்தது. அதை முறையாகக் கற்க அவர் அணுகியவர்களில் ஒருவர் மெலட்டூர் நடேச ஐயர். பின்னாளில் சதிரை ஒழிக்க வேண்டும் என்ற குரல் வலுத்தபோது, தானே பெண் வேடமிட்டு மேடைதோறும் ஆடிக்காட்டி, அந்தக் கலைக்காக வாதாடியவர் இந்தக் கிருஷ்ண ஐயர்தான். மியூசிக் அகாதெமியின் மேடை 1930களின் தொடக்கத்தில் சதிருக்குத் திறந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையின் சபா நாடகக்காரரும் மெலட்டூரின் கிராம நாடகக்காரரும் சந்தித்த அந்த இடத்தை நம் நாடக வரலாறுகள் அடிக்குறிப்பாகக்கூட எழுதுவதில்லை. இருவருமே நாடகத்தால் பிழைப்பு நடத்தாதவர்கள். பரதநாட்டியத்தின் இன்றைய வாழ்வுக்கு இசை வேளாளர் குடும்பங்களின் பல தலைமுறை உழைப்பே அடித்தளம் என்பதில் ஐயம் இல்லை. அதன் பக்கத்தில் இந்த இரண்டு பேரையும் நினைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நடேச ஐயருக்குப் பிறகு மீண்டும் தொய்வு. 1938-இல் பாலு பாகவதர் போன்றவர்களின் முயற்சியில் ஊரில் சங்கம் அமைத்து மறுபடி தொடங்கினார்கள். கிருஷ்ண ஐயர் வந்து பார்த்து, பத்திரிகைகளில் எழுதி, வெளியுலகத்துக்கு அறிமுகம் செய்தார். ருக்மிணி தேவி அருண்டேல் மெலட்டூருக்கு வந்து பார்த்தார்; பாலு பாகவதரின் துணையோடு உஷா பரிணயம் முதலிய நாடகங்களைச் சென்னையில் தன் கலைப்பள்ளியான கலாக்ஷேத்திரத்தில் மேடையேற்றினார். அங்கே பெண் வேடங்களில் பெண்கள் ஆடினார்கள்.

இதற்குள் ஊரின் பொருளாதாரமே மாறிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் படிப்பும் அரசு வேலையும் அக்ரகாரத்தைப் பட்டணத்துக்கு இழுத்தன. 1960களில் வந்த நில உச்சவரம்பு, இனாம் ஒழிப்புச் சட்டங்கள் நிலத்தை நம்பி உட்கார்ந்திருந்த வாழ்க்கையை முடித்து வைத்தன. உழுதவர் கைக்கு நிலம் சேர்ந்தது நியாயம்தான். அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. நெல் வந்து சேரும் வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பது எளிது. வங்கியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து ஒத்திகை பார்ப்பது எளிதல்ல. அந்த எளிதல்லாததைத்தான் இரண்டு மூன்று தலைமுறையாக அவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆண்டு விடுப்பை மே மாதத்துக்கு என்று சேர்த்து வைப்பவர்கள், பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஊரிலேயே கழிக்க வைப்பவர்கள், பாடத்தைப் பதிவு செய்து அனுப்பி வீட்டிலேயே மனப்பாடம் செய்ய வைப்பவர்கள். நடிப்பவருக்குப் பணம் கிடையாது. பக்க வாத்தியம், பந்தல், விளக்கு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் நன்கொடை திரட்ட வேண்டும். துண்டு விழுந்தால் கையிலிருந்து போட வேண்டும்.

கூச்சிப்பூடியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஆந்திரத்தின் அந்தக் கிராமத்திலும் இதே போல ஆண்களே ஆடிய நாடக மரபுதான் இருந்தது. இரண்டும் உறவுக்காரக் கலைகள். ஆனால் கூச்சிப்பூடி கிராமத்தை விட்டு வெளியே வந்தது. வெம்பட்டி சின்ன சத்யம் 1963-இல் சென்னையில் பள்ளி நிறுவினார், பெண்கள் கற்றார்கள், தனி நடனமாக உலகம் சுற்றியது, இன்று அதை ஆடிப் பிழைப்பவர்கள் பலர். மெலட்டூர் அந்தப் பாதையில் போகவில்லை. டெல்லிக்கும் சென்னைக்கும் போய் ஆடியிருக்கிறார்கள். இருந்தாலும் நாடகத்தின் வீடு அந்தத் தெருதான், அதன் நாள் நரசிம்ம ஜயந்திதான். எது சரி என்று கேட்டால், கலைஞர்கள் சோறு சாப்பிட வேண்டும் என்று நினைக்கும் நான் கூச்சிப்பூடியின் பக்கமே பேசுவேன். ஆனால் உலகத்தில் எல்லாக் கலையும் ஒரே வழியில் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விற்கப்படாத ஒன்று விலையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடிகிறது. முக்கால் மணி நேரப் பிரவேசத்தை எந்த சபாச் செயலாளர் அனுமதிப்பார்?

விற்காமல் இருந்தால் மட்டும் பிழைத்துவிட முடியாது என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. பாகவத மேளம் ஒரு காலத்தில் மெலட்டூரோடு சாலியமங்கலம், சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர், தேப்பெருமாநல்லூர் என்று தஞ்சை மண்ணில் பல ஊர்களில் நடந்தது. சாலியமங்கலத்தில் பஞ்சநத பாகவதர் இயற்றிய பிரகலாத சரித்திரம் இன்றும் உயிரோடு இருக்கிறது, தேப்பெருமாநல்லூரிலும் தொடர்ந்தது. சூலமங்கலத்திலும் ஊத்துக்காட்டிலும் சென்ற நூற்றாண்டிலேயே அறுந்து போயிற்று. அங்கேயும் பக்தி இருந்தது, கோயில் இருந்தது, பாடம் இருந்தது. என் ஊகம் இது: சம்பளம் இல்லாத மேடை ஓரிருவரின் பிடிவாதத்தில் நிற்கிறது. அழைத்து, அதட்டி, கெஞ்சி, பணம் புரட்டி, சண்டை தீர்த்து வைக்க ஒருவர் வேண்டும். மெலட்டூருக்கு ஒவ்வொரு தொய்வுக்குப் பிறகும் அப்படி ஒருவர் வாய்த்தார். வேறு ஊர்களில் அந்த ஒருவர் வேலை மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது பிறக்கவே இல்லை.

பிடிவாதக்காரர்கள் இருக்கும் இடத்தில் பிரிவும் வரும். மெலட்டூரில் பின்னாளில் இரண்டு குழுக்கள் ஆயின. இரண்டும் தனித்தனியே விழா நடத்துகின்றன. சின்ன ஊருக்கு இரண்டு மேடையா என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. போட்டி இருந்தால் ஒத்திகை ஒழுங்காக நடக்கும். இரண்டு மேடை என்றால் இரண்டு மடங்கு பையன்கள் கற்றுக்கொள்வார்கள். நாடகத்துக்காகச் சண்டை போடும் ஊர், நாடகத்தை மறந்த ஊரைவிட மேல்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. இந்த மேடை எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. அக்ரகாரத்து ஆண்கள் மட்டுமே ஏறிய மேடை இது. அதே ஊரில் வயலில் உழைத்தவர்கள் பந்தலின் எந்த ஓரத்தில் நின்று பார்த்தார்கள், பார்க்க விட்டார்களா என்று வரலாறு எழுதியவர்கள் அக்கறைப்பட்டதாகத் தெரியவில்லை. லீலாவதியின் துயரத்தை அத்தனை நுட்பமாக நடிக்கத் தெரிந்த ஊரில், லீலாவதியாக நடிக்க ஒரு பெண்ணுக்கு இடம் இல்லை. மரபு என்று சொல்லி இதைக் கடந்து போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாஸ்திரியின் நாடகங்களைப் பெண்கள் ஆடினால் அவை கெட்டுப்போகா என்பதை ருக்மிணி தேவி காட்டியாயிற்று. ஆள் குறைந்துகொண்டே வரும் ஒரு மேடை, ஆசையோடு கற்க வரும் யாரையும் வாசலில் நிறுத்தி வைக்கும் நிலையில் இன்று இல்லை. இதை வெளியாளின் அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நாடகத்தை என் பேரப்பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறேன்.

பெண் வேடமிட்ட ஆண்களின் நடிப்பு அதனால் மட்டம் என்று ஆகிவிடாது. பல தலைமுறையாகச் சேர்த்து வைத்த நுணுக்கம் அது, அதுவும் இருக்கட்டும். இரண்டு மேடைக்கு இடம் உள்ள ஊரில் மூன்றாவதாக, பெண்களும் ஆடும் ஓர் இரவுக்கு இடம் கிடைக்காமல் போகாது.

மற்றபடி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. விழா நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நரசிம்ம ஜயந்தி எப்போது என்று பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். தஞ்சாவூரில் தங்கிக்கொள்வது வசதி, திரும்பிவர இரவில் பஸ்ஸை நம்ப வேண்டாம், விடியும்வரை இருப்பது என்று முடிவு செய்துகொண்டே போங்கள். கதையைத் தமிழில் ஒரு முறை படித்துவிட்டுப் போனால் தெலுங்கு தடையாக இருக்காது. நள்ளிரவுக்கு மேல் கூட்டம் பாதியாகக் குறையும். முன்வரிசைக்கு நகர்ந்து உட்கார அதுதான் நேரம். புகைப்படம் எடுப்பதாக இருந்தால் நரசிம்மர் வரும் கட்டத்தில் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நன்கொடைக்கு ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அடுத்த ஆண்டுப் பந்தலுக்கும் மிருதங்கக்காரருக்கும் அந்தப் பணம்தான் போகிறது. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.